வெடி இல்லாத தீபாவளி!
பறவைகளுக்காக ஒரு கிராமம் செய்யும் தியாகம்

தீபாவளி என்றால் பட்டாசு. பட்டாசு இல்லாத தீபாவளியைக் குழந்தைகள் ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்கிறார்கள்! ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம் அல்ல. பல தலைமுறைகளாக ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்த ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. மதுரையில் இருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் செல்லும் சாலையில், சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உள்ளது.

ஏன் வெடிப்பதில்லை?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பும். உடனே நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து இறங்கும். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். தீபாவளி வருவதும் அதே சமயத்தில்தான்.

வெடிச் சத்தம் கேட்டால் தாய்ப்பறவை பதறிப் பறந்துவிடும். கூட்டில் காவல் இருக்காது. காகமும் பருந்தும் முட்டையைத் தூக்கிச் செல்லும். இதைக் கண்ணால் கண்ட கிராம ஜனங்கள், வெடியே வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். கல்யாணம், கோவில் திருவிழா எதற்கும் வேட்டுச் சத்தம் இல்லை. இதைப் பாராட்டி வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு வழங்குவதும் உண்டு.

சட்டம் பின்னால் வந்தது

பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய 3 கண்மாய்களும் சேர்ந்து 1977-ல் சரணாலயம் ஆயின. மொத்தப் பரப்பு 38 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஏக்கர் கணக்கில் சொன்னால் 95 ஏக்கர். மனிதர்கள் காவல் காத்ததால்தான் அது சரணாலயம் ஆயிற்று.

செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலின் கதையும் இதுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். விவசாயிகள் கலெக்டரிடம் முறையிட்டு, 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் வாங்கினார்கள்.

விவசாயிக்கு என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது. அதில் தழைச்சத்து உண்டு. அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயும்போது பயிருக்கு உரமாகிறது.

நத்தை கொத்தி நாரை என்று ஒரு பறவை. அலகை மூடினாலும் நடுவே சந்து தெரியும்! கண்மாயிலும் வயலிலும் உள்ள நத்தைகளைத் தேடித் தின்பதே அதன் வேலை.

பலகை மட்டும் போதுமா?

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். "சரணாலயம்" என்று பலகை வைத்தால் பறவை வந்துவிடாது. அதற்கு வேண்டியவை மூன்று: தண்ணீர், மரம், அமைதி.

அமைதியைக் கிராம ஜனங்கள் கொடுத்துவிட்டார்கள். தண்ணீரை அவர்கள் மட்டும் கொடுக்க முடியாது. மழை பொய்த்த வருஷங்களில் வேட்டங்குடிக் கண்மாய்கள் வறண்டு, பறவைகள் வராமல் போனது உண்டு. மழை பெய்தாலும், வரத்துக் கால்வாயில் மண் மேடிட்டு முள் அடைத்திருந்தால் தண்ணீர் கண்மாய்க்கு வராது. கால்வாயைத் தூர் வாருவது அரசாங்கத்தின் கடமை. பட்டாசைத் தியாகம் செய்த ஊருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

மதுரைக்கு அருகில் சாமநத்தம் கண்மாய் இருக்கிறது. அங்கும் ஏராளமான பறவைகள் வருகின்றன. அதையும் சரணாலயம் ஆக்க வேண்டும் என்று பறவை ஆர்வலர்கள் சமீப ஆண்டுகளில் கேட்டு வந்தார்கள்.

இப்படி ஒரு பேச்சு எழுந்தால், எந்த ஊர் விவசாயிக்கும் பயம் வருவது இயற்கை. "பாசனத் தண்ணீர் போய்விடுமா? மீன் குத்தகை நின்றுவிடுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி! வேடந்தாங்கல் ஏரி சரணாலயமாக இருந்துகொண்டே வயலுக்கும் பாய்கிறது. ஆகவே பாசனத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மீன்பிடிக்கக் கட்டுப்பாடு வரலாம். அந்த நஷ்டத்தை ஊருக்கு ஈடு செய்துவிட்டுத்தான் பலகை நட வேண்டும். ஜனங்கள் மனம் வைக்காத சரணாலயத்தில் பறவை தங்காது.

உலகப் பெருமை

ஈரான் நாட்டில் ராம்சார் என்ற ஊரில் 1971 பிப்ரவரி 2-ந் தேதி, நீர்நிலைகளைக் காக்க ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி சிறப்பு பெற்ற இடங்கள் தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் 20 ஆயின. ராமநாதபுரம் மாவட்டத்தில் மட்டும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் ஆகிய 4 கண்மாய்கள். இந்த 20-ல் வேட்டங்குடி இல்லை. ஆனால் அந்த ஊர் ஜனங்களின் மனசுக்கு எந்தப் பட்டியலும் ஈடாகாது.

நீங்கள் செய்ய வேண்டியது

கார்த்திகை முதல் தை வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அதிகாலையோ மாலையோ போவது நல்லது. ஊருக்குள் ஹாரன் அடிக்காதீர்கள். கல் எறியாதீர்கள். பிளாஸ்டிக் பைகளை அங்கே போடாதீர்கள். டீயும் பலகாரமும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். பறவையால் ஊருக்கு நாலு காசு வந்தால், பறவைக்கும் பாதுகாப்பு.

பிறகு உங்கள் ஊர்க் கண்மாயையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குப்பை கொட்டுகிறார்களா? கால்வாயை அடைத்துவிட்டார்களா? கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கண்மாயில் தண்ணீர் நின்றால் பறவை வரும். பறவைக்குத் தண்ணீர் இருந்தால், நமக்கும் இருக்கும்!