காத்திருக்கலாம்... காதைப் பார்த்துவிட்டு!

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மூகர் கதை புதிதல்ல. பிறவியிலேயே வாய் பேசாதவர், காமாட்சி அம்மன் அருளால் வாய் திறந்து சமஸ்கிருதத்தில் 500 பாடல்கள் பாடினார், அதுவே ‘மூக பஞ்சசதி’ என்பது ஐதீகம். இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சந்நிதியில் நிற்கும் தாய்க்கு, இந்தக் கதை பெரிய ஆறுதல்.

வேண்டுதல் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாட்டி சொல்வாரே, “இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், தானா வந்துடும்” என்று, அங்கேதான் கவனம் வேண்டும்.

நடை விஷயத்தில் பாட்டி சொல்வது பெரும்பாலும் சரி. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிடிமானம் இல்லாமல் நடந்த வயது சுமார் 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை பரவியிருந்தது. எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தால் நடக்கட்டும். ஆனால் 18 மாதமாகியும் நடக்கவில்லை, ஒரு பக்கக் கை காலை மட்டும் பயன்படுத்துகிறது, உடல் துவண்டோ விறைத்தோ இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கார வைத்து உருட்டும் வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. கனடாவில் 2004-லேயே அதற்குத் தடை. நின்று தள்ளும் நம்ம ஊர் மர நடைவண்டி எவ்வளவோ மேல்!

பேச்சு அப்படியல்ல. ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் “பால் தா” போல இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். வரவில்லையா? முதலில் பார்க்க வேண்டியது நாக்கை அல்ல, காதை.

“காது நல்லாத்தான் கேட்குது, தட்டு விழுந்தா திரும்பறானே” என்பார்கள். தறி போட்டிருக்கும் வீடுகளில் மிதிக்கிற அதிர்வு தரையிலேயே தெரியும். குழந்தை அந்த அதிர்வையோ ஆள் அசைவையோ உணர்ந்து திரும்பியிருக்கலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ‘ஆ... ஊ...’ என்று சத்தம் எழுப்பும், பிறகுதான் குறையும். அதனால்தான் வீட்டில் ஏமாந்துபோகிறார்கள். சொந்தத்துக்குள் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் காது கேளாமை வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அத்தை மகன், மாமன் மகள் என்று முடித்த வீடுகள் இதை மறைக்கவும் வேண்டாம், மருமகளைக் குற்றம் சொல்லவும் வேண்டாம்.

நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினால் பேச்சு வராது, வாந்திதான் வரும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. சோறு ஊட்ட செல்போனைக் கையில் கொடுப்பதும் வேண்டாம். போன் பேசும், ஆனால் குழந்தை சொல்வதற்குப் பதில் சொல்லாதே!

காது நன்றாகக் கேட்டும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, வந்த சொற்களும் மறைந்துவிட்டன என்றால் வளர்ச்சிப் பரிசோதனை அவசியம்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும். அவர்களிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது. கேட்கும் திறன் மிகக் குறைவு என்றால், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு. ஆனால் மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது முதல் சில வருடங்களில்தான் என்பதால், ஐந்தரை வயதில் போய் நிற்பதைவிட ஒன்றரை வயதில் போவதில் பலன் பல மடங்கு.

காதுக்கான ‘பெரா’ பரிசோதனையில் ஊசி, வலி எதுவும் கிடையாது. தலையில் சின்னச் சின்ன ஒட்டிகள் வைத்து, குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள். அன்றைக்கு வழியில் தூங்கவிடாமல் அழைத்துப் போய், அங்கே வயிறு நிறையப் பால் கொடுத்தால் வேலை சுலபம்.