கத்தி பட்டால் பரவுமா?

"மார்புல கட்டின்னாங்க. ஆபரேஷன் வேண்டாம்னுட்டோம். கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடுமாமே!"

தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்குக் காத்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் இதையே எத்தனை தடவை கேட்டாயிற்று!

இந்தப் பயம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷனின்போது கட்டியைத் தொட்டு அசைக்கையில், சில புற்றுநோய் செல்கள் ரத்தத்தில் கலக்கலாம். ஆனால், தொடாமல் விட்டால் மட்டும் கட்டி சும்மா இருக்குமா? அது தானாகவே செல்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் டாக்டர் ஆஷ்வொர்த் 1869-லேயே இப்படிப்பட்ட செல்களை ரத்தத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்.

ரத்தத்தில் இறங்கிய செல் எல்லாம் புதுக் கட்டியாகிவிடாது. ரத்த ஓட்டத்தின் வேகமும் நம் எதிர்ப்பு சக்தியும் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். மிச்சம் மீதிக்குத்தான், தேவைப்பட்டால், ஆபரேஷனை ஒட்டி கீமோதெரபி போன்ற மருந்துகள்.

குழாயை மூடும்போது நாலு சொட்டு தெறிக்குமே என்று, ஒழுகுகிற குழாயை அப்படியே விடுவோமா?

அந்த 'நாலு சொட்டை'யும் டாக்டர்கள் அலட்சியம் செய்வதில்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழுவினர், மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 1,600 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு மட்டும், ஆபரேஷனுக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் ஊசி... பல் டாக்டர் போடும் அதே மரத்துப்போகும் மருந்துதான்! முடிவு 2023-ல் வெளியானது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள், ஊசி போடாதவர்களில் 86.4 சதவிகிதம், போட்டவர்களில் 90.1.

ஆக, கத்தியைத் தள்ளிப்போடுவதல்ல வழி. அதைப் பத்திரமாகக் கையாளுவதுதான். நம் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ரயில், அப்புறம் பஸ் என்றால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கி வைத்தது. போய், "கட்டி எந்த நிலையில் இருக்கு? முதல்ல ஆபரேஷனா, மருந்தா? அப்புறம் என்ன சிகிச்சை?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு யோசனையைக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால், கத்தி படாமலே பரவிவிடும்.