அன்றைக்கு என்ன சமையல்?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவர் துப்பறியும் நாவல் பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமானால் சற்றுக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் ஆங்கிலத்தில் ‘கோஸி’ எனப்படும் வகை என்றால் இன்னும் தாழ்த்த வேண்டும். அந்த நாவல்களில் கொலை நடக்கும். ஆனால் ரத்தம் நம் கண்முன் சிந்தாது. ஊர் சிறியது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். துப்பறிபவர் போலீஸ்காரரும் அல்லர், துப்பறியும் நிறுவனம் வைத்திருப்பவரும் அல்லர். சமையல்காரரோ, நூலகரோ, பின்னல் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியோ அவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930ஆம் ஆண்டு முதல் நாவலில் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். 2020இல் ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய நாவலில் முதியோர் குடியிருப்பைச் சேர்ந்த நால்வர் அதே வேலையைச் செய்கிறார்கள்.

“பொழுதுபோகாதவர்கள் படிப்பது” என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் ஊரிலேயே இப்படி ஒரு பெண்மணி இருக்கிறார். சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூ 2013இல் அறிமுகப்படுத்திய ஆன்ட்டி லீ. பெரானாக்கான் விதவை, வசதியானவர், பிஞ்சாய் பார்க்கில் உணவகம் நடத்துபவர். செந்தோசாக் கடற்கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்குகிறது. போலீஸ் தன் வழியில் விசாரிக்க, ஆன்ட்டி லீ சம்பால் கிண்டிக்கொண்டே தன் வழியில் யோசிக்கிறார். பிஞ்சாய் பார்க் புக்கிட் தீமா பக்கம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் படித்தபோது என் மூக்குக்கு எட்டியது காத்தோங்கின் வாசனைதான். என் பாட்டி வீடு அங்கே. ஜூ சியட் சாலைக் கடைவீடுகள், லக்சா, பண்டான் இலையில் செய்த குவே, சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில் மணி எல்லாவற்றோடும் வளர்ந்தவள் நான்.

ஆன்ட்டி லீயிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய மூளை அன்று. அவருடைய வலக்கை நீனா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பணிப்பெண். நம் ஊர் வீடுகளில் எல்லாவற்றையும் பார்ப்பவர், யார் கண்ணிலும் படாதவர். அவரை உடன் துப்பறிபவராக்கியதில்தான் ஒவிடியா யூவின் நியாய உணர்வு தெரிகிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பாட்டியின் புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளையல் இரண்டு காணாமல் போயிற்று. அந்த வீட்டு மூதாட்டியின் வளையல்கள். மாலைக்குள் தாழ்வாரம் முழுவதும் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: பணிப்பெண்தான். அவர் இந்தோனேசியாவிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. முகவருக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. அவருடைய பெட்டியைக் கூடத்தில் கொட்டித் துணி துணியாக உதறிப் பார்த்தார்கள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். அவர்தான் எடுத்திருப்பார் என்று நானும் நம்பினேன்.

பாட்டி உள்ளே போய் மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் “கடைசியா எங்க வச்சீங்க?” என்று கேட்டுக் கேட்டு அவரைக் குழப்பியிருந்தார்கள். பாட்டி அதைக் கேட்கவே இல்லை. “அன்னிக்கு என்ன சமையல், அக்கா?” என்றார்.

“சமையல் எங்க? முறுக்குக்கு மாவு பிசைஞ்சேன்.”

மாவு பிசையும்போது வளையலோடு யாரும் பிசைவதில்லை. சமையலறை மேல்தட்டில், மிச்ச அரிசி மாவைக் கொட்டி மூடி வைத்திருந்த மைலோ டின்னுக்குள், கைத்துணியில் சுற்றியபடி வளையல்கள் இருந்தன. மூதாட்டிக்கு மறதி தொடங்கியிருந்தது என்பது அப்போதுதான் அந்த வீட்டாருக்கே தெரிந்தது.

மிஸ் மார்ப்பிளும் ஆன்ட்டி லீயும் செய்வது இதைத்தான். போலீஸ் கைரேகையைத் தேடும். இவர்கள் பழக்கவழக்கத்தைத் தேடுகிறார்கள். யார் எப்போது மாவு பிசைவார், யார் எந்த நாளில் சந்தைக்குப் போவார், யார் வழக்கத்தை மாற்றிக்கொண்டார் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்குப் பட்டம் கிடையாது. அந்த அறிவுக்குக் கிடைக்கும் ஒரே மேடை இவ்வகை நாவல்தான்.

“அப்படியானால் ஊர்வம்பு பேசுவதும் துப்பறிவதும் ஒன்றா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற அச்சத்தில் வளர்ந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், நம்மில் பலர். ஆனால் அன்று தாழ்வாரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். வம்புக்குத் தீர்ப்பு போதும். துப்புக்கு உண்மை வேண்டும். முதலில் தோன்றும் சந்தேகத்தோடு நின்றுவிடுவது வம்பு. அந்தச் சந்தேகத்தையே சந்தேகிப்பது துப்பு. முதல் அத்தியாயத்தில் நாம் குற்றவாளி என்று நினைத்தவர் கடைசி அத்தியாயத்தில் குற்றமற்றவராக நிற்கும்போது, அந்த நாவல் நம் காதைத்தான் திருகுகிறது.

தமிழில் துப்பறிபவர்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் என்று பெரிய பட்டியலே உண்டு. பெரும்பாலும் கெட்டிக்கார ஆண்கள். அதுவே தொழிலாகவோ தொழிலை ஒட்டியோ செய்பவர்கள். தேவனின் துப்பறியும் சாம்பு மட்டும் வேறு ரகம். வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர், அசட்டுத்தனத்தாலேயே வெற்றி பெறுபவர். அம்பையின் சுதா குப்தா மும்பையில் துப்பறியும் பெண். அவரும் தொழில்முறையில் செய்பவர்தான். மாவு டின்னைத் திறக்கும் பாட்டியை, அதுவும் சிங்கப்பூர்ப் பாட்டியை, நான் இன்னும் தமிழில் சந்திக்கவில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த நாவல்களின் முடிவில் உண்மை வெளிவந்ததும் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று அப்படி நடக்கவில்லை. வளையல் கிடைத்த மகிழ்ச்சியில், தரையில் கிடந்த துணிகளை மடிக்க யாரும் குனியவில்லை. பாட்டிதான் குனிந்தார். மறுநாள் ஒரு தட்டு முறுக்கோடு போய் அந்தப் பெண்ணிடம் தன் உடைந்த மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண் அடுத்த மாதமே வேறு வீட்டுக்கு மாறிப் போய்விட்டார். நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது.

எனவே, எழுதும் ஆர்வமுள்ள நண்பர்களே, அடுத்த சிறுகதைப் போட்டிக்குப் பொருள் தேடுகிறீர்கள் என்றால் காத்தோங் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். கோயிலிலிருந்து பை நிறையப் பூவோடு திரும்பும் ஏதாவது ஒரு பாட்டி மின்தூக்கிக்குக் காத்திருப்பார். அவரைத் துப்பறிய விடுங்கள். கூடவே, அந்தப் பணிப்பெண்ணுக்கும் ஒரு பெயர் கொடுங்கள். ஐந்து மாதம் எதிர்ப்பட்டும் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை.