திருடன் யார்?

ஆலை வாசலில் தொழிலாளியின் சாப்பாட்டுப் பையைத் துழாவுகிறார்கள். செல்போனை வாங்கி வைக்கிறார்கள். கேட்டால், "கம்பெனி ரகசியம் களவு போய்விடும்" என்கிறது நிர்வாகம்.

திருடன் யார் என்று பார்ப்போம். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கம்ப்யூட்டர் கிருமி சுமார் 150 தேசங்களில் புகுந்தது. கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் திணறின. இங்கே ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையிலும் உற்பத்தி தடைப்பட்டது.

எந்தத் தொழிலாளியின் பையில் வந்தது அந்தக் கிருமி? மைக்ரோசாஃப்ட் சரக்கில் இருந்த ஓட்டையை அமெரிக்க உளவு ஸ்தாபனமான என்.எஸ்.ஏ. கண்டுபிடித்தது, ஊருக்குச் சொல்லாமல் ஆயுதமாக்கி ஒளித்து வைத்தது. அந்த ஆயுதமே களவு போய், 2017 ஏப்ரலில் சந்தி சிரித்தது! ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களில்தான் கிருமி புகுந்தது. போடவேண்டியது நிர்வாகமா, தொழிலாளியா?

அந்த ரகசியந்தான் யாருடையது? மெஷின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் தொழிலாளியின் அநுபவம் கணக்காகி, படமாகி, கம்ப்யூட்டருக்குள் போகிறது. போனதும் "கம்பெனிச் சொத்து" என்று முத்திரை விழுகிறது!

பொம்மையார்பாளையம், திண்டிவனம் பக்கமிருந்து ஆலைக்குப் போகும் தோழர்களே! வயல் கூலியில் பிள்ளையைப் படிக்கவைத்து ஆலைக்கு அனுப்பிய விவசாயத் தொழிலாளர்களே! கம்ப்யூட்டர் முடங்கி வேலை நின்றால் முழுக் கூலி வேண்டும். நிர்வாகத்தின் அலட்சியத்துக்குத் தொழிலாளி மீது பழி கூடாது. இந்த இரண்டையும் சங்க ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்!

பையைத் துழாவியது போதும். திறந்து கிடக்கும் கதவை முதலாளி முதலில் பூட்டட்டும்!