முட்டையில் முளைத்தது, இதயத்தில் முளைக்கவில்லை

நாமக்கல் பண்ணைகளில் தினமும் கோடிக்கணக்கில் இறங்கும் முட்டைகள் சேவல் சேராதவை. ரத்தக்குழாய் ஆய்வுக்கு அவை உதவா. கரு ஏறிய முட்டைதான் வேண்டும். ஓட்டில் சிறு சன்னல் திறந்து, கருவைச் சூழ்ந்த சவ்வின்மேல் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தைச் சொட்டுவைத்தால், சில நாட்களில் புதுக் குழாய்கள் அதை நோக்கி வளர்ந்துவரும். வளர்ச்சிக் காரணி என்ற துறையே கோழிக்கருவுக்குக் கடன்பட்டது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்து, ஸ்டான்லி கோஹனுடன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி கோழிக்கருவில்தான் உழைத்தார். ரத்த ஓட்டம் குன்றிய நிலையைக் கோழிக்கருவிலேயே உருவாக்கும் முறையைச் சென்னை ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையக் குழு 2010இல் வெளியிட்டது.

மனித இதயம் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை.

நாள்பட்ட நெஞ்சுவலிக்காரர்களிடம் முதலில் பார்த்தார்கள். எஃப்.ஜி.எஃப்.-2 என்ற மற்றொரு வளர்ச்சிக் காரணி பெற்ற ஆய்வில் 337 பேர் (2002), வி.இ.ஜி.எஃப். பெற்ற ‘விவா’ ஆய்வில் 178 பேர் (2003). முன்னதில் 90 நாளிலும் பின்னதில் 60 நாளிலும் உடற்பயிற்சித் திறன் போலிமருந்துக் குழுவைவிடக் கூடவில்லை. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த 4 மணி நேரத்துக்குள் எரித்ரோபொய்ட்டின் கொடுத்த ‘ரிவீல்’ ஆய்வு (2011) இன்னும் கசப்பானது. இறந்த தசையின் அளவு குறையவில்லை. மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் அடைப்பு எல்லாம் சேர்த்து மருந்து பெற்ற 125 பேரில் 5 பேருக்கு நேர்ந்தது, பெறாத 97 பேரில் ஒருவருக்கும் இல்லை.

காரணம் புரதத்தில் மட்டும் இல்லை. வி.இ.ஜி.எஃப். ரத்தத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. அளவைக் கூட்டினால் ரத்த அழுத்தம் சரிகிறது. அதைவிட முக்கியம், கரு எல்லாத் திசையிலும் வளரத் துடிப்பது. பல்லாண்டு சர்க்கரை நோயில் அடிபட்ட குழாய்ச்சுவர் அதே அழைப்புக்குச் செவிசாய்ப்பதில்லை. வளரவைத்துவிட்டாலும் கதை முடிவதில்லை. 2019இல் மைக்ரோ ஆர்.என்.ஏ.-199ஏ கொடுத்துப் பன்றிகளின் இதயத்தசையைப் பெருக்கினார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, பிறகு பெரும்பாலான பன்றிகள் இதயத்துடிப்புக் கோளாறால் திடீரென இறந்தன.

ஆகவே, இதயத்தில் புதுத் தசையும் குழாயும் வளர்ப்பதாகச் சொல்லும் ‘செல் ஊசி’ பற்றிய விளம்பரத்தோடு வரும் நோயாளியிடம் மழுப்ப வேண்டியதில்லை. ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைப்படி இதயத்துக்கு ஸ்டெம் செல் என்பது பதிவுபெற்ற ஆய்வுக்குள் மட்டுமே. அதற்குக் கட்டணம் கேட்பவர் ஆய்வு செய்பவர் அல்லர்.

உயிரைக் காப்பாற்றிய சான்று வேறிடத்தில் இருக்கிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்த தமிழ்நாடு ஸ்டெமி மாரடைப்புத் திட்டத்தில் (2012–14), 2,420 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. புதிய மூலக்கூறு எதுவுமில்லை, இ.சி.ஜி., ஆம்புலன்ஸ், கட்டி கரைக்கும் மருந்து, மறுநாள் ஆஞ்சியோ. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டினை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டுவந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கவேண்டியவருக்கு இதன் அருமை தெரியும்.

ராசிபுரமோ ஆத்தூரோ, அனுப்பும் சீட்டில் மூன்று நேரங்கள் கட்டாயம் இருக்கட்டும்: வலி தொடங்கியது, முதல் இ.சி.ஜி. எடுத்தது, கட்டி கரைக்கும் மருந்து ஏறியது.