மருந்தைக் கழற்றிவிட்ட பத்தியம்

தமிழ் இலக்கணத்தில் நோயாளி வினை செய்பவர் அல்லர். 'எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது', 'அவளுக்குத் தலை வலிக்கிறது' என்பதே வழக்கு. நோயுற்றவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், வந்தது நோய். இந்தியிலும் தெலுங்கிலும் ஏறத்தாழ இதே அமைப்புதான். முகப்பரு விஷயத்தில் மட்டும் இந்த இலக்கணம் ஓரிரு நொடிகள்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. 'எனக்குப் பரு வந்திருக்கிறது' என்று ஒரு பெண் சொன்னதுமே எதிரில் இருப்பவர் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதத் தொடங்கிவிடுகிறார். என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணிக்குத் தூங்கினாய்? தண்ணீர் குடிக்கிறாயா? வயிறு சுத்தமாக இருக்கிறதா? நோய் வந்து சேர்ந்தவளாக இருந்தவள், நோயை வரவழைத்துக்கொண்டவளாக மாற்றப்படுகிறாள்.

பதினாறு வயதில் பரு வந்தால் 'வயசு' என்று சொல்லிச் சிரிக்கும் அதே சமூகம், இருபத்தெட்டு வயதில் வந்தால் விசாரணை ஆணையம் அமைக்கிறது. வட இந்திய வீட்டில் 'வயிற்றுச் சூடு', 'ரத்தம் சுத்தமில்லை' என்கிறார்கள். தமிழ் வீட்டில் 'உடம்புச் சூடு'. சமூக ஊடகத்து ஆரோக்கிய வழிகாட்டிகள் அதையே ஆங்கிலத்தில் 'டாக்சின்' என்கிறார்கள். சொற்கள் வேறு, தீர்ப்பு ஒன்று: உள்ளே ஏதோ அழுக்கு சேர்ந்திருக்கிறது, சேர்த்தவள் நீ.

இந்தத் தீர்ப்பு தவறானது. உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்பது இதன் பொருளன்று. தொடர்பு உண்டு என்று கருதக் காரணங்கள் இருக்கின்றன. அந்தத் தொடர்பின் அளவு என்ன, அதைக் கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே கேள்வி. அந்த அளவை மறைத்துவிட்டுச் சொல்லப்படும் அறிவுரை, அறிவுரையாக இல்லாமல் பழிசுமத்தலாகவே முடிகிறது.

சான்றுகளின் வரலாறு இருபக்கமும் வெட்டும் கத்தி. 1969இல் அமெரிக்காவில் 65 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் சிறைவாசிகளும் இருந்தனர். சாக்லேட் செறிந்த கட்டியைச் சில வாரங்களும் சாக்லேட் இல்லாத கட்டியைச் சில வாரங்களும் உண்ணக் கொடுத்து ஒப்பிட்டார்கள். பருக்களில் வேறுபாடு இல்லை என்று முடிவு வந்தது. 'உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை' என்று பல்லாண்டுகள் பாடநூல்கள் சொன்னதற்கு அது முக்கிய ஆதாரமாயிற்று. ஆனால் அந்தச் சாக்லேட் இல்லாத கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன. சர்க்கரையைச் சர்க்கரையோடு ஒப்பிட்டுவிட்டு உணவையே விடுதலை செய்த ஆய்வு அது. மருத்துவத்துறை இதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ஊசல் மறுபுறம் ஆடியது. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரையும், பராகுவேயின் ஆச்சே பழங்குடியினரில் 115 பேரையும் பரிசோதித்து, ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002இல் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. 2007இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களை இரு பிரிவாக்கி 12 வாரம் ஆராய்ந்தார்கள். ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை உண்ட பிரிவில் பருக்களின் எண்ணிக்கை சராசரியாக 23.5 குறைந்தது. மற்றப் பிரிவில் 12 குறைந்தது.

செயல்படும் விதம் குறித்தும் ஏற்கத்தக்க விளக்கம் இருக்கிறது. சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவு இன்சுலினை உயர்த்துகிறது. அதனோடு ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியின் செயலும் கூடுகிறது. இவை ஆண்ட்ரோஜன் ஹார்மோனின் செயலைத் தூண்டுகின்றன. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கின்றன. பாலும் இன்சுலினைத் தூண்டக்கூடியது என்பதால் அதன் மீதும் ஐயம் எழுந்தது. அமெரிக்கச் செவிலியர் 47,355 பேரிடம் அவர்களது பள்ளிக்கால உணவை நினைவுகூரச் சொல்லி 2005இல் வெளியான ஆய்வு, பாலுக்கும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கும், பருவுக்கும் ஒரு தொடர்பைக் காட்டியது. பிரான்சில் 24,452 பெரியவர்களிடம் இணையவழியில் தரவு திரட்டி 2020இல் வெளியான ஆய்வு, இனிப்புப் பானங்கள், கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்கள், பால் ஆகியவற்றோடு தொடர்பைக் கண்டது.

ஆரோக்கிய வணிகர்கள் இந்த எண்களை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். வாசிப்பு இங்கேதான் தொடங்க வேண்டும். மெல்பர்ன் ஆய்வில் பங்கேற்றவர்கள் அனைவரும் இளம் ஆண்கள். முதிர்வயதுப் பருவால் அதிகம் அவதிப்படும் பெண்களில் ஒருவர்கூட அதில் இல்லை. உணவை மாற்றியவர்கள் எடையும் குறைந்தார்கள்; ஆகவே பலன் உணவாலா எடைக்குறைவாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிட்டாவாவுக்கும் பிற ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு தட்டில் மட்டும் இல்லை. செவிலியர் ஆய்வு பல ஆண்டுகளுக்கு முந்தைய நினைவை நம்பியது. பிரெஞ்சு ஆய்வு தொடர்பைச் சொன்னது, காரணத்தை நிறுவவில்லை. இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், உணவு மாற்றத்தைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று நின்றுகொண்டன.

மெல்பர்ன் ஆய்வின் இரண்டாவது எண்ணை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. மெதுச்சர்க்கரை உணவுக்கு மாறாத பிரிவினருக்கும் 12 பருக்கள் குறைந்தன. பரு தானே ஏறும், தானே இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் ஒருவர் பாலை நிறுத்துகிறார். அதற்கடுத்த வாரங்களில் பரு இறங்கினால், அந்தப் பெருமை பாலை நிறுத்தியதற்குப் போகிறது. மீண்டும் ஏறினால், யாருக்கும் தெரியாமல் தின்ற ஒரு துண்டு கேக்கிற்குப் பழி போகிறது. வெற்றி எப்போதும் வழிகாட்டியுடையது, தோல்வி எப்போதும் அந்தப் பெண்ணுடையது. இப்படிப்பட்ட கோட்பாட்டை எந்தத் தரவாலும் பொய்ப்பிக்க முடியாது. பொய்ப்பிக்க முடியாதது நம்பிக்கையாக இருக்கலாம். மருத்துவமாக இருக்க முடியாது.

அடுத்து, 'வாழ்க்கைமுறை' என்ற சொல். முறை என்றால் ஒருவர் தேர்ந்துகொண்டது என்ற தொனி அதில் ஒளிந்திருக்கிறது. தில்லியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்களும், குருகிராமிலும் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் இரவுப்பணி பார்க்கும் பெண்களும் தங்கும் விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொனியின் பொய் தெரியும். மூன்று பேருக்கு ஓர் அறை, அறையில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. காலையில் உருளைக்கிழங்குப் பராத்தா அல்லது ரொட்டித் துண்டு, மதியம் வெள்ளைச் சோறும் தண்ணீராக ஓடும் பருப்பும், மாலையில் சர்க்கரை தூக்கலான தேநீர். பட்டியலை எழுதியது விடுதி உரிமையாளர். உறங்கும் நேரத்தை எழுதியது நிறுவனத்தின் பணி அட்டவணை. அவளிடம் போய் 'பாதாம், பெர்ரி, எட்டு மணிநேர உறக்கம்' என்று சொல்வது, வீடில்லாதவரிடம் கூரையை மாற்றச் சொல்வதற்கு ஒப்பானது.

'மன அழுத்தத்தைக் குறைத்துக்கொள்' என்பதும் இத்தகையதே. அமெரிக்காவில் 22 பல்கலைக்கழக மாணவர்களைத் தேர்வுக்காலத்திலும் மற்றக் காலத்திலும் ஒப்பிட்டு 2003இல் வெளியான சிறிய ஆய்வு, அழுத்தம் கூடியவர்களுக்குப் பருவும் கூடியதைப் பதிவுசெய்தது. அழுத்தம் ஒரு காரணமென்றே கொள்வோம். தேர்வு நாளைக் குறித்தவர் யார்? மாணவி அல்லள்.

பாலை விடு என்ற அறிவுரையும் இலவசமன்று. முட்டையும் மீனும் உண்ணாத வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு, புரதத்துக்கும் கால்சியத்துக்கும் பி12 உயிர்ச்சத்துக்கும் பாலும் தயிருமே முதன்மை வழி. அதை அடைத்துவிட்டு மாற்று எதையும் சொல்லாதவர், ஒரு தெரியாத நன்மைக்காகத் தெரிந்த தீமையை விற்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'உணவே மருந்து என்பதுதானே நம் மரபு?' என்பார்கள். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அந்த அதிகாரம் அளவறிந்து, முன்னுண்டது செரித்தபின் உண்ணச் சொல்வது உண்மை. ஆனால் அதே அதிகாரம், நோய் இன்னதென்று ஆராய்ந்து அதன் காரணத்தையும் ஆராயச் சொல்கிறது. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். நான்கில் ஒருவர் மட்டுமே நோயாளி. இன்றைய ஆரோக்கியப் பேச்சு மற்ற மூன்றையும் அழித்துவிட்டு, முழுச் சுமையையும் நோயாளியின் தலையில் இறக்கிவிட்டு, அதற்கு மரபு என்று பெயர் சூட்டுகிறது.

'பத்தியம்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுதான். நோய்க்கான பத்தியம் மருந்தோடு ஒட்டிப் பிறந்தது. வைத்தியர் மருந்து கொடுப்பார். அந்த மருந்து வேலை செய்யும் நாள்வரை இன்னின்னதை விலக்கச் சொல்வார். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு, பொறுப்பேற்க ஒரு வைத்தியரும் உண்டு. இன்று திரையில் விற்கப்படும் பத்தியத்தில் மருந்து இல்லை, முடிவு இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. தோற்றால் 'நீ சரியாக இருக்கவில்லை' என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கிறது.

இதன் விலையைப் பெண்களின் முகம் தருகிறது. பழுப்புத் தோலில் பரு ஆறினாலும் கருமை பல மாதம் தங்கும். ஆழமான பருக்கள் விடும் குழித்தழும்பு தானாக மறைவதே இல்லை. ஆறு மாதம் சர்க்கரையை விட்டு, அடுத்த ஆறு மாதம் பாலை விட்டுக் காத்திருக்கும் காலத்தில்தான் அந்தத் தழும்புகள் விழுகின்றன. தாடையோரம் பரு, தவறும் மாதவிடாய், முகத்தில் கூடுதல் முடி ஆகியவை சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஜங்க் ஃபுட்' என்ற ஒரே சொல்லால் அந்தச் சோதனை தள்ளிப்போகிறது.

அதைவிடக் கொடிய விளைவு மருந்துக்கடையில் காத்திருக்கிறது. பத்தியம் தோற்று, மருத்துவரிடம் போக வெட்கமும் பணமும் தடுக்க, பலர் கடைக்காரர் நீட்டும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்குகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, வெயிலில் எரிந்து, பரு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று தனிப்பெயரே வைக்குமளவுக்கு இது பரவியது. 2018இல் ஒன்றிய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்தது, சீட்டுக் கேட்காத கடைகள் போய்விடவில்லை. சாக்லேட் தின்ற பெண்ணைக் கண்டிக்க ஆயிரம் பேர் இருக்கும் நாட்டில், இந்தக் களிம்பைக் கண்டிக்கும் குரல்கள் மிகக் குறைவு.

என்னதான் சொல்லலாம்? உள்ளதைச் சொல்லலாம். இனிப்புப் பானத்தையும் தேநீரில் சர்க்கரையையும் குறைப்பது, மைதாவுக்குப் பதில் பயறும் காய்கறியும் கூட்டுவது நல்லது. பரு குறையாவிட்டாலும் நீரிழிவு மலிந்த நாட்டில் அது வீண்போகாது. உடற்பயிற்சிக்காக மோர்ப்புரதப் பொடி அருந்தத் தொடங்கிய பிறகு பரு கூடியிருந்தால், சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம். இவை துணைகள். சிகிச்சை வேறு. பென்சாயில் பெராக்சைடு, அடாபலின், அசெலாயிக் அமிலம் என ஆய்ந்து நிறுவப்பட்ட பூச்சு மருந்துகள் இருக்கின்றன. தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் ஹார்மோன் வழி மருந்துகளும் இருக்கின்றன. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதையும், கருவுற்றவர்களுக்கும் கருவுற விரும்புபவர்களுக்கும் சில மருந்துகள் ஆகா என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவில் பருவோடு வரும் பெண்ணை 'எண்ணெய்ப் பலகாரம் குறையுங்கள்' என்று திருப்பி அனுப்பாமல், நோயாளியாக அமரவைக்க வேண்டும்.

அவளைப் பார்த்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'என்ன சாப்பிட்டாய்?' அன்று. 'எத்தனை நாளாக இருக்கிறது, வலிக்கிறதா?' என்பதே. காய்ச்சல் வந்தவரிடம் எவரும் கேட்கும் கேள்விதான் அது. 'எனக்கு வந்திருக்கிறது' என்று அவள் சொன்ன வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. அதைத் திருத்தும் உரிமை யாருக்கும் இல்லை.