சீமைப் படிப்பும் உபகாரச் சம்பளக் கணக்கும்

உபகாரச் சம்பளம் பெற்று மேனாடு சென்று கற்பது நம் பக்கத்தில் இப்பொழுது அருமையான செய்தி அன்று. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி முதலிய ஊர்களில், தந்தையார் உருக்காலையிலோ செங்கற்சூளையிலோ உழைக்க, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய இளைஞர் லண்டனுக்கும் பெர்லினுக்கும் புறப்படுகின்றனர். தெருமுனையில் வண்ணப் பதாகை கட்டி, விருந்திட்டு, மாலை சூட்டி நாம் அவரை வழியனுப்புகின்றோம். பதாகைக்கும் விருந்துக்கும் வாங்கிய கடனுக்கு, மாணாக்கர் விமானத்தை விட்டு இறங்குமுன்னரே வட்டி ஓடத் தொடங்கிவிடுகின்றது. அப்பணத்தை அவர் கையிலேயே கொடுத்திருந்தால் முதல் மாத வாடகைக்கு உதவியிருக்குமே என்று யாரேனும் சொன்னால், அவர் மங்கலத்தில் அமங்கலம் பேசியவராவார். அவ்வமங்கலத்தைப் பேசவே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

புறப்படுவோர்க்குப் பெரியோர் கூறும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றே: சிக்கனமாயிரு. நல்ல மொழிதான், ஆயின் அது புத்திமதியேயன்றிக் கணக்கு அன்று. எவ்வளவு வரும், எப்பொழுது வரும், அதில் எவ்வளவு வீட்டுக்குரியது என்னும் மூன்றையும் புறப்படுமுன் தாளில் எழுதிப் பாராதவனுக்குச் சிக்கனம் என்பது பட்டினிக்கு இட்ட மறுபெயராய் முடியும்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912ஆம் ஆண்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கராய் அமர்ந்த சீநிவாச இராமாநுஜன், 1914 மார்ச்சு 17ஆம் தேதி சென்னையிலிருந்து கப்பலேறினார். சென்னைச் சர்வகலாசாலையார் அவருக்கு அளித்த உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 250 பவுன். (தங்கக் காசன்று; ஆங்கில நாணயம்.) அதில் 50 பவுன் ஊரிலுள்ள குடும்பத்தின் பராமரிப்புக்கென்று பிரித்து வைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டிக் கல்லூரியார் 60 பவுன் சேர்த்துக் கொடுத்தனர். ஆக அவர் கைக்கு ஆண்டுக்கு 260 பவுன். அந்நாளில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆதலின் வீட்டின் பங்கு மாதம் அறுபத்திரண்டரை ரூபாய். அதாவது அவர் துறைமுகத்தில் வாங்கிய சம்பளத்தைப்போல் இருமடங்குக்கும் சிறிது மேல். இராமாநுஜனுடைய எளிய வாழ்க்கைக்கு இது தாராளமான வருவாயே என்றும், அவர் மிச்சம் பிடித்தார் என்றும் பேராசிரியர் ஹார்டி எழுதியுள்ளார்.

இவ்வேற்பாட்டில் நாம் வியப்பது தொகையை அன்று. வீட்டின் பங்கு முன்னரே எழுத்தில் வரையறுக்கப்பட்டதே இதன் சிறப்பு. ஊரிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் மனம் நொந்து, தன் உணவுப் பணத்தினின்று கிள்ளி அனுப்பும் நிலை அவருக்கு நேராவண்ணம் இது காத்தது. இக்காலத்திலோ கடிதத்திற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை; கைப்பேசி நாள்தோறும் அழைக்கின்றது. சீட்டுத் தவணை, தங்கையின் கட்டணம், வீட்டுக் கூரை என ஒவ்வொன்றும் நியாயமான தேவையே. நியாயமாயிருப்பதாலேயே மறுக்க இயலவில்லை. பெற்றோரும் பிள்ளையும் புறப்படுமுன் ஒருநாள் அமர்ந்து, இவ்வளவே, அதற்குமேல் இல்லை என்று முடிவுசெய்தல் அன்பின்மை ஆகாது.

எல்லார்க்கும் அத்துணைத் தொகை வாய்த்ததில்லை. டாக்டர் அம்பேத்கருக்குப் பரோடா அரசர் 1913இல் அளித்தது மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக்கு. ஆண்டுக் கணக்கில் 138 பவுன். இராமாநுஜன் கையிலிருந்ததில் ஏறக்குறையப் பாதி. அதுகொண்டு நியூயார்க் நகரில் வாழ்ந்து கொலம்பியாவில் கற்றார். லண்டனில் மேற்கொண்ட படிப்பு முற்றுப்பெறுமுன் சம்பளத்தின் காலம் முடிந்துவிடவே, 1917இல் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. 1920இல் சேமிப்பும் கடனுமாகப் பொருள் திரட்டி மீண்டும் சென்றே அதனை முடித்தார். அம்மேதைக்குச் சிக்கனம் தெரியாது என்று எவரும் கூறார். கொடுப்போர் வகுத்த அளவு போதாதவிடத்துப் பெறுவோரின் சிக்கனம் எவ்வளவு தூரம் செல்லும்?

இக்கேள்வி பழங்கதையன்று. ஒடுக்கப்பட்டோர்க்கென நடுவணரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத்தில், 2024-25ஆம் ஆண்டு விதிகளின்படி, இங்கிலாந்தில் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 9,900 பவுன். மாதத்திற்கு 825. அந்நாட்டரசோ, மாணவர் விசாவுக்கு மாதம் 1,136 பவுனேனும், லண்டனாயின் 1,483 பவுனேனும் வேண்டுமென 2025 ஜனவரியில் விதித்தது. இடைவெளியைக் கொடுப்போரே நோக்கி நிரப்பவேண்டும் என்பது நம் துணிபு. ஜெர்மனியில் முறை வேறு. 2024 செப்டம்பர் முதல் 11,904 ஈரோவை முன்கூட்டியே வங்கியில் பூட்டிவைக்க வேண்டும். மாதம் 992 ஈரோவே வெளிவரும். பானையரிசியை நாழியால் அளந்து கொடுக்கும் பாட்டியின் முறைதான் அது. கெடுபிடியாய்த் தோன்றினும் முதற்பருவத்திலேயே கை வெறுமையாகாமல் காக்கின்றது.

நிற்க. அயலூரில் குறைந்த கூலியில் வாழும் கலையைக் கற்க நம்மவர் கடல்கடந்து ஆசிரியரைத் தேட வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்போரைக் கண்டிருக்கின்றோம். ஓர் அறையைப் பலர் பகிர்ந்து, அரிசியும் பருப்பும் மூட்டையாய் வாங்கி, முறைவைத்துச் சமைத்து, சம்பளம் வந்த நாளிலேயே ஊருக்கு அனுப்புவதை அனுப்பிவிட்டு எஞ்சியதில் வாழ்கின்றனர். மின்சார ரயிலில் அவர்கள் அருகே அமரவும் தயங்கும் நம் மாணாக்கர், மான்செஸ்டரில் தாமும் அவ்வாறே அறை பகிர்ந்து சமைக்கப்போகின்றவர் என்பதை மறக்கலாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. படுக்க இடமின்றிப் படிக்க முடியாது. வாடகையையும் வயிற்றையும் சுருக்கித் தேர்வில் தவறினால், பெற்ற சம்பளம் முழுவதும் வீண்.

ஒவ்வொரு விலையையும் ரூபாயாக்கிப் பார்க்கும் வழக்கத்தை முதல் வாரத்தோடு விட்டுவிட வேண்டும். பவுன் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில், ஓர் ஆப்பிள் பழமும் அவ்வாறு பார்ப்பவனுக்கு நஞ்சாகும். வரவு பவுனானால் செலவையும் பவுனிலேயே எண்ணுக. குளிராடையைச் சென்னையில் பெருவிலைக்கு வாங்காமல் அங்குள்ள அறக்கடைகளில் பழையது வாங்கலாம். முழுநேர மாணாக்கர்க்கு நகராட்சி வரி விலக்கு உண்டு, கேட்டுப் பெறவேண்டும். பருவநாளில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டென்பதை நம்பி வரவுக் கணக்கு எழுதுதல் தகாது. வேலை கிடைத்த பின்னரே அது வரவு.

எல்லாவற்றினும் கொடியது பணம் வரும் நாள் பிந்துவதே. மேற்சொன்ன தேசியத் திட்டத்தில் 2025 ஜூலையில் தேர்வுபெற்ற 106 பேருள் 40 பேருக்கே முதலில் தற்காலிக ஆணை வந்தது. ஏனையோர் நிதி இருப்பை நோக்கிக் காத்திருக்கும்படி ஆயிற்று. ஆணை பெற்றவர்க்கும் முதல் தவணைக்கு முன்னரே மருத்துவக் கட்டணம், விமானச் சீட்டு, இங்கிலாந்தில் ஐந்து வார வாடகை வரையில் கேட்கப்படும் முன்பணம் என்பன வாயிலில் நிற்கும். இவ்விரண்டு மூன்று மாதத்தைக் கடப்பதற்குத்தான் நம்மூர் ஏழைக் குடும்பம் கந்துவட்டிக்காரரிடம் செல்கின்றது.

இராமாநுஜன் 1919 ஜனவரியில் சர்வகலாசாலைப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு அளிக்கவிருக்கும் தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், தம் செலவும் பெற்றோர்க்குரிய 50 பவுனும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நம் கல்லூரிப் பழைய மாணவருள் அயல்நாடு சென்று நல்ல நிலையிலிருப்போர் பலர். அவர்கள் பரிசுக் கேடயங்களுக்கு அனுப்பும் பொருளில் ஒரு பகுதியை, இரண்டு மாதச் செலவுக்குரிய வட்டியில்லாக் கைமாற்று நிதியாக வைக்கலாகாதா? முதல் தவணை வந்ததும் மாணாக்கர் திருப்பித் தருவார். அடுத்த ஆண்டு வேறொருவர் பெறுவார். கணக்கைப் பார்க்க விடுதிக் காப்பாளரும் பழைய மாணவர் இருவரும் போதும். வரும் பழைய மாணவர் கூட்டத்தில் இதனை யாரேனும் எழுந்து முன்மொழிவார்களாயின், வழிமொழிய நாம் காத்திருக்கின்றோம்.